மௌனசாமியின் சுகரும் கோகிலவாணியின் காலும்

மௌனசாமி என்ன தின்றார் என்று தெரிந்துகொள்ள மௌனசாமியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவர் மனைவி கோகிலவாணியின் வலது காலைப் பார்த்தால் போதும். முறுக்கு என்றால் கால் லேசாக நகரும். மைசூர்பாகு என்றால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கணுக்காலைப் பிடிப்பாள். கோகிலவாணி பேச்சை நிறுத்துவது அவ்வளவு சாதாரண சங்கதி இல்லை என்பதால் செந்தாழை ஹவுசிங் யூனிட்டின் நான்கு பிளாக்குக்கும் விஷயம் அன்றே தெரிந்துவிடும்.

பால் பாக்கெட்டை டிரோன் கொண்டுவந்து பால்கனியில் வைத்துவிட்டுப் போகும் காலம் அது. எந்த வீட்டில் எத்தனை பாக்கெட் வைக்கிறது, எங்கே விருந்து, ஒறம்பரை வந்திருக்கிறது என்று கவனிக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா. பி பிளாக் நான்காவது மாடியிலிருந்து அந்த வேலையைக் கோகிலவாணி வருஷக்கணக்கில் செய்துவந்தாள். கெட்ட எண்ணம் கிடையாது. அக்கம்பக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது ஒரு ஒழுக்கம் என்பது அவள் கட்சி.

மௌனசாமி கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேருக்கேற்ற மனிதர். பன்னிரண்டு வருஷமாகச் சுகர். மூன்று மாதம் இஷ்டத்துக்குச் சாப்பிடுவார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் பாகற்காயும் மோருமாக விரதம் இருப்பார். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த நம்பர் அழகாக இருக்கும். டாக்டரிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் வழியிலேயே அதை ஒரு ரவா ரோஸ்ட்டுடன் கொண்டாடுவார். மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் இன்னொரு பரிசோதனை வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

அப்போதுதான் சுகாதார மையத்தில் டாக்டர் மகிழினி பங்கு வலித் திட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"சுகர் வலிக்காதுங்கம்மா. அதான் அதோட கெட்டிக்காரத்தனம். பல்லு வலிச்சா பறந்துக்கிட்டு வர்றீங்க. சுகர் முன்னூறு இருந்தாலும் ஜம்முனு இருக்கேன்னு சொல்லிட்டு ஜிலேபி சாப்பிடறீங்க."

"அதுக்கு இப்ப வலி வெக்கப் போறீங்ளாக்கும்?"

"வெச்சுப் பார்த்தோம். சுகர் ஏறினா நோயாளிக்கே சுருக்குனு குத்தற மாதிரி ஒரு பட்டை. மூணே நாள்ல பாதிப் பட்டை குப்பைத்தொட்டியில கிடந்துச்சு. தனக்கு வலிச்சா மனுஷன் கழட்டி எறிஞ்சிடறான். ஆனா அடுத்தவங்களுக்கு வலிச்சா யோசிக்கிறான். அதனால பட்டை சார் கையில இருக்கும், சுருக்கு உங்க காலுக்கு வரும்."

டாக்டர் மேசை மேல் ஒரு வளையத்தை எடுத்து வைத்தாள். ஒற்றைக் கொலுசு மாதிரி, வெள்ளி நிறத்தில், மணி இல்லாமல்.

"இவரு திம்பாரு, எனக்கு வலிக்கும். நல்ல ஞாயம். இத்தனை வருஷமா நடக்கறதுதான், இப்ப மிஷின் வெச்சு நடக்கப் போகுது." கோகிலவாணி வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். "பொம்பளைங்களுக்குச் சுகர் இருந்தா புருஷன்மாரு மாட்டிக்கிறாங்ளா?"

டாக்டர் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தாள். "ஷூ போடணும், வேலைக்குப் போகணும், ஒத்து வராதுன்னு எழுதிக் குடுத்துடறாங்க. அதுக்குன்னே ஒரு படிவம் இருக்கு."

மௌனசாமி கூரையைப் பார்த்தார்.

"கவனமாக் கேளுங்க," என்று டாக்டர் தொடர்ந்தாள். "கூடினா மட்டுந்தான் கொலுசு குத்தும். குறைஞ்சா சார் கையில இருக்கற பட்டை மூணு தடவை பீப்னு அடிக்கும். அப்ப உடனே..."

"ஏனுங் டாக்டர், எங்க பிளாக்குல வேற ஆரு ஆரு இதுல சேந்திருக்காங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்கம்மா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங். நான் பேரைச் சொல்றேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்."

எட்டுப் பேர் சொன்னாள். டாக்டர் தலையாட்டவில்லை. ஆனால் கண் சிமிட்டியதை வைத்தே ஐந்து பேரைக் கோகிலவாணி உறுதி செய்துகொண்டாள். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பீப் அடித்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அறையிலேயே பாதி வாக்கியமாக நின்றுவிட்டது. விவரக் குறிப்பு ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதைக் கோகிலவாணி அலமாரித் தட்டில் விரித்து, மேலே டம்ளர்களைக் கவிழ்த்தாள்.

முதல் மாதம் யூனிட்டே கலகலத்தது. ஏ பிளாக் செயலாளர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்து பால்பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசைக்கு அடியில் கால் மாற்றினார்கள். குளத்துக் கொக்கு மாதிரி. கோகிலவாணி தன் கால் குத்துவதையும் மறந்து குனிந்து எண்ணினாள். பதினோரு கால். அதில் ஒன்று, கணவன் துபாயில் இருக்கும் டி பிளாக்காரியுடையது. அப்படியானால் இவள் யார் சுகரைச் சுமக்கிறாள்? பதினைந்து நாள் நுட்பமான விசாரணைக்குப் பிறகு அது கூடப்பிறந்த அண்ணனுடைய சுகர் என்று தெரிந்தது. கோகிலவாணிக்குச் சற்று ஏமாற்றம்தான்.

மௌனசாமி முதலில் திருந்துகிற மாதிரி தெரியவில்லை. அவருடைய காலை நடைக் குழுவில் ஆறு பேர். நான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு, நடந்த களைப்புத் தீர பேக்கரியில் ஆளுக்கு இரண்டு போண்டாவும் நாட்டுச்சர்க்கரை போட்ட டீயும் சாப்பிடுவார்கள். நாட்டுச்சர்க்கரைக்குச் சுகர் ஏறாது என்பது அந்தக் குழு ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். கோதுமைக்கும் ஏறாது என்று இன்னொரு தீர்மானம் இருந்ததால் ராத்திரிக்கு மௌனசாமி ஆறு சப்பாத்தி சாப்பிட்டார்.

ஒருநாள் அவர் நடைப்பயிற்சி முடிந்து வந்தபோது கோகிலவாணி வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?" என்றார்.

"இன்னிக்கி வெங்காய போண்டாவா, மைசூர் போண்டாவா? அதைச் சொல்லுங்."

மௌனசாமி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் அந்தக் காலைத் தொட்டது, மெட்டி போட்ட அன்று ஒருமுறை. இது இரண்டாவது. கோகிலவாணி எதிர் பிளாக்கில் யாரோ துணி காயப்போடுவதைப் பார்த்தாள்.

மறுநாள் போண்டா நின்றது. நாட்டுச்சர்க்கரை நின்றது. ஆறு சப்பாத்தி மூன்றானது, மூன்று இரண்டானது. வந்தவர்கள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டி எதையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கண்ணில் படவே கூடாது என்று கோகிலவாணியும் அவற்றைச் சமையலறையில் நின்றபடியே தின்று தீர்த்தாள். லட்டு, அதிரசம், நாத்தனார் அனுப்பிய ஒரு கிலோ பால்கோவா. வீணாக்குகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவளுக்குச் சுகரும் கிடையாது. அவள் பிறந்த வம்சத்திலேயே யாருக்கும் கிடையாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். பரிசோதித்துப் பார்த்ததும் கிடையாது.

ஆனால் கால் அடங்கவில்லை. முதலில் எறும்பு ஊர்வது மாதிரி. பிறகு மிளகாய்ப் பொடியைத் தடவிய மாதிரி. சாயங்காலமானால் எரிச்சல் தாங்காது.

"உள்ளதைச் சொல்லுங். என்ன தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கலையே."

"அப்பறம் கால் பொய் சொல்லுதாக்கும்?"

மௌனசாமி தன் தட்டைப் பார்ப்பார். அதில் இருக்கும் இரண்டு சப்பாத்தியில் ஒன்றை எடுத்து ஹாட்பாக்ஸில் திரும்பப் போடுவார்.

பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்தது. அவர் கைப்பட்டை அடிக்கடி பீப் பீப் பீப் என்று அடிக்க ஆரம்பித்தது. அடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

"என்னுங் அது சத்தம்?"

"நல்லாக் கொறஞ்சிருக்குன்னு சொல்லுது. எங்க கம்பெனில மோட்டாரு டெஸ்ட்ல பாஸாச்சுன்னா இப்படித்தான் பஸ்ஸர் அடிக்கும்."

"பஸ்ஸர் அடிச்சும் எரியுதே."

கோகிலவாணிக்குச் சந்தேகம் முளைத்தது. சி பிளாக்கில் ஒருத்தர் தன் பட்டையைக் கழற்றி வாட்ச்மேன் கையில் ஒட்டிவிட்டு அல்வா சாப்பிட்டது யூனிட்டுக்கே தெரியும். தெரியப்படுத்தியவளே அவள்தான். தன் வீட்டிலும் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று நினைத்தாள். நடைக்குழுவில் விசாரித்தாள். பேக்கரியில் விசாரித்தாள். தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஷம்ஷாத்தையும் விட்டுவைக்கவில்லை.

ஷம்ஷாத்துக்கு ஒன்பது வயதிலிருந்தே சுகர். ஊசி போட்டுக்கொள்கிறவள். மேசை டிராயரில் எப்போதும் மிட்டாய் இருக்கும். ஊசியையும் போட்டுக்கொண்டு மிட்டாயும் தின்கிறாள், என்ன சுகர்காரியோ என்று கோகிலவாணி மாடி மாடியாகச் சொல்லியிருக்கிறாள். அது ஷம்ஷாத் காதுக்கும் வந்திருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டு அளவு ஜாக்கெட்டை மடித்து வைத்துவிடுவாள்.

"அண்ணன் இந்தப் பக்கம் எதுவும் வாங்கித் திங்கறதில்லக்கா. ஆளு எளைச்சுப் போயிட்டாரு. ஒருக்கா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்களேன்."

"எளைச்சா நல்லதுதானே கண்ணு. சுகரு கொறையக் கொறைய நல்லதுதானே."

ஷம்ஷாத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோகிலவாணியின் பார்வை அதற்குள் வாசலில் நின்ற ஆட்டோவுக்குப் போய்விட்டது.

ஆடி பிறந்த மறுவாரம். காலை ஒன்பதரை மணி இருக்கும். கோகிலவாணி பால்கனியிலிருந்து பார்த்தபோது, கீழே பூங்கா பெஞ்சில் மௌனசாமி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடைக்குழு ஆட்கள் இரண்டு பேர் தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். லிஃப்டுக்குக் காத்திராமல் அவள் படியில் இறங்கினாள்.

"காலங்காத்தாலேயே போட்டுட்டாராட்ட இருக்குங்," என்றார் ஒருவர்.

மௌனசாமியின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. கண் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை.

"கோகிலா," என்றார். நாக்கு குழறியது. "இனிப்பா... ஏதாச்சும்..."

நான்கு மாடி இறங்கி வந்த கால் தீயாக எரிந்தது. கோகிலவாணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுகர் எங்கேயோ எகிறிப்போய் இவருக்குத் தலைசுற்றுகிறது. இந்த நிலைமையிலும் நாக்கு கேட்கிறது.

"என்ற காலு இங்க வெந்துட்டிருக்கு. இன்னும் இனிப்புக் கேக்குதாக்கும் உங்களுக்கு?"

அவர் பட்டை பீப் பீப் பீப் என்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

தையல் கடையிலிருந்து ஷம்ஷாத் ஓடிவந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் குளுக்கோஸ் பாக்கெட். பல்லாலேயே கிழித்துப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினாள்.

கோகிலவாணி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள். "சுகர்காரருக்குச் சக்கரையைக் கரைச்சுக் குடுக்கறயே, ஆளைக் கொல்லப் பாக்கறயா?"

"தள்ளுங்கக்கா."

"எனக்குத் தெரியும் அவரு சுகரு எவ்வளவுன்னு. கால்ல..."

"அக்கா, கீழ போயிருச்சுக்கா. பட்டை கத்தறது கேக்கலயா? இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டா நினைவு போயிரும். தள்ளுங்க."

அந்த யூனிட்டில் கோகிலவாணியை யாரும் தள்ளு என்று சொன்னதில்லை. ஷம்ஷாத் சொல்லிவிட்டுக் காத்திருக்கவும் இல்லை. தோளால் ஒரு இடி. மௌனசாமியின் தாடையைப் பிடித்து, "அண்ணா, முழுங்குங்க. என்னையப் பாருங்க. இன்னொரு வாய்," என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள்.

கோகிலவாணி புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்து மௌனசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு இத்தனை கூட்டம்?" என்று கேட்டார்.

சாயங்காலம் சுகாதார மையத்தில் டாக்டர் மகிழினி திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"காலையில நாப்பத்தாறு. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து. சார், பீப் அடிச்சுதுல்ல?"

"அடிச்சுதுங். பாஸாயிட்டேன்னு நினைச்சேன்."

டாக்டர் கொஞ்ச நேரம் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பீப் அடிச்சா உடனே சர்க்கரைத் தண்ணி குடிக்கணும்னு நான் சொல்லலையா?"

"பீப் வரைக்கும் சொன்னீங்," என்றார் மௌனசாமி. அதற்கு மேல் ஏன் சொல்ல முடியாமல் போனது என்பதை அவர் சொல்லவில்லை. கோகிலவாணி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரை."

"அதோட?"

"மாத்திரைதாங். ரெண்டு."

"ஒண்ணுதானே எழுதியிருக்கேன்."

மௌனசாமி தன் செருப்பைப் பார்த்தபடி பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசிக் கோகிலவாணி கேட்டதில்லை. "நான் எவ்வளவு கொறச்சும் இவ காலு அடங்கலைங். சோத்தை நிறுத்தினேன், சப்பாத்தியை ஒண்ணாக்கினேன். அப்பவும் சாயங்காலமானா வாளியில காலை விட்டுட்டு உக்காந்திருக்கறா. நம்மளால ஒருத்தி இப்படி நோகறாளேன்னு ஒரு மாத்திரை சேத்திப் போட்டேனுங்."

டாக்டர் திரையை மறுபடி தட்டினாள். புருவம் சுருங்கியது. "போன ரெண்டு மாசத்துல கொலுசு குத்தினது மொத்தமே நாலு தடவைதான். கடைசி மூணு வாரம் ஒரு தடவைகூட இல்லை."

"அதெப்படிங்?" என்றாள் கோகிலவாணி. "தினமும் எரியுதே. இன்னிக்குக் காலையில எரிஞ்சுது. இதோ இப்பவும் எரியுது."

"எந்தக் கால்லம்மா?"

"ரெண்டுலயுந்தான்."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள்.

"கொலுசு ஒரு கால்லதானேம்மா இருக்கு."

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். வலது காலில் வளையம். இடது காலில் ஒன்றுமில்லை. ஊரில் உள்ள கால்களையெல்லாம் எண்ணியவள் தன் கால்களை அப்போதுதான் எண்ணினாள்.

நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு.

"ரொம்ப வருஷமா இருந்திருக்கும்," என்றாள் டாக்டர். "நரம்பைத் தொட்டப்புறம்தான் எரிச்சல் வரும். சுகர் வலிக்காதுன்னு நான் சொன்னது தப்பு. வலிக்கும். ஆனா ரொம்பத் தாமதமாத்தான் வலிக்கும்."

மௌனசாமியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கோகிலவாணிக்குத் துணிச்சல் வரவில்லை. நாற்பத்தாறுக்கு அந்த மனிதரை இறக்கியது அந்த இரண்டாவது மாத்திரை அல்ல. அவள் நின்றுகொண்டு தின்ற பால்கோவா.

"இனி கொலுசு உங்க கால்ல வேண்டாம், நரம்பு கெட்ட கால், பத்திரம். சாரோட சுருக்கு உங்க மணிக்கட்டுக்கு வரட்டும்," என்று டாக்டர் கழற்றினாள். "உங்களுக்கும் ஒரு பட்டை ஒட்டணும். அதோட வலிக்கு ஆள்..." மௌனசாமியைப் பார்த்தாள். "ஒத்து வராதுன்னா அந்தப் படிவம் இருக்குங்க சார்."

மௌனசாமி ஏற்கெனவே வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு காலை நீட்டியிருந்தார். "எந்தக் காலுங்?"

பீப் அடித்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் என்பதை இந்த முறை டாக்டர் கோகிலவாணியையே மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். நடுவில் அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

மௌனசாமி கொலுசு போட்ட செய்தி மறுநாள் பத்து மணிக்குள் நான்கு பிளாக்கும் போய்ச் சேர்ந்தது. சேர்த்தவளும் கோகிலவாணிதான். தன் வீட்டு விஷயம் என்பதற்காக ஓரவஞ்சனை செய்யக் கூடாது அல்லவா. முதலில் சொன்னது ஷம்ஷாத்திடம். சொல்லிவிட்டு, "உன்ற மிட்டாயைப் பத்தி நாலு எடத்துல தப்பாப் பேசிட்டேன் கண்ணு," என்றாள். "நாலு எடமாக்கா?" என்றாள் ஷம்ஷாத். "நாலு பிளாக்கு," என்று கோகிலவாணி திருத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டைத் தொடவே பயந்தாள். ஒரு தோசையை வைத்துக்கொண்டு அவர் காலையும் தட்டையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"தின்னு," என்றார் மௌனசாமி. "பட்டினி கெடந்து நான் பட்டது போதும்." தானும் ஒரு தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வந்து பேரனின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனாள். சின்னத் துண்டுதான். கோகிலவாணி அதில் பாதியைத்தான் சாப்பிட்டாள், கூட ஒரு கப் காபி. முக்கால் மணி நேரம் கழித்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மௌனசாமியின் கால் ஒருமுறை துள்ளியது. பேப்பர் ஆடவில்லை.

"என்னுங்?"

"கொசு."

நான்காவது மாடிக்குக் கொசு ஏறாது என்று கீழ்வீட்டுக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தவள் அவள். எழுந்து போய் இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்து வாசலில் போட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"சித்தெ நடக்கலாம் வாங்க. கொசு போயிரும்."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். இருவரும் நீளமான வராந்தாவில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்குமாக நடந்தார்கள். அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். கோகிலவாணி நல்ல வேகத்தில்தான் நடந்தாள். ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கும் நேராக வரும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவானது.